வீட்டுச் சமையலை விற்பனைக்குக் கொண்டுவர: பதிவு முதல் லேபிள் வரை

தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு கிலோ அதிரசம் செய்து கொடுத்துக் காசு வாங்கினாலே, சட்டத்தின் கணக்கில் அது உணவுத் தொழில்தான். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் லாபம் வந்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை. கடை இல்லை, போர்டு இல்லை, வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் ஆர்டர் எடுக்கிறோம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பவர்களுக்கானது. சட்டம் மத்திய அரசுடையது. களத்தில் அதை நடத்துவது மாநில உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட அலுவலகம்.

இதில் பதிவு வாங்குவதுதான் மிகச் சுலபமான வேலை. ஆட்கள் மாட்டுவது லேபிளிலும் விளம்பர வாசகத்திலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

படி 1: எதை விற்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

என்ன பொருள் என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம் மாறும். அன்றன்று சமைத்து அன்றே சாப்பிடும் டிபன், சாப்பாடு ஒரு வகை. இதற்கு லேபிள் சுமை குறைவு. சுத்தமும் சூடும்தான் முக்கியம். பொடி, ஊறுகாய், வடகம், முறுக்கு, அப்பளம் போலப் பொட்டலம் கட்டி வைத்து விற்பவை இரண்டாம் வகை. லேபிள் விதிகள் முழுவதும் இவற்றின் மேல் விழும். கேக், பிஸ்கட் போன்ற பேக்கரி வகைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. உதாரணமாக, முட்டை சேர்த்த கேக் நம் நாட்டு லேபிள் சட்டப்படி அசைவம். ஜெலட்டின் சேர்த்த புட்டிங்கும் அப்படியே.

சில பொருட்களை வீட்டிலிருந்து விற்க நினைக்கும்போதே நின்று யோசிக்க வேண்டும்.

குழந்தை உணவு: "6 மாதக் குழந்தைக்கு ஏற்ற கஞ்சி மாவு" என்று இன்ஸ்டாகிராமில் போடுவது வெகு சாதாரணமாகிவிட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்துவதையே 1992-ம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்கிறது. தாய்ப்பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு மூன்றையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது. குழந்தை உணவின் கலவைக்கு 2020-ல் தனி ஒழுங்குமுறையும் வந்துவிட்டது. அதே சத்துமாவைக் குடும்பம் முழுவதற்குமான கஞ்சி மாவாக விற்கலாம். குழந்தையின் படமும் மாதக் கணக்கும் லேபிளில் வரக்கூடாது.

வீட்டு ஒயின்: கிறிஸ்துமஸ் நேரத்தில் கேக்கோடு சேர்த்து விற்பார்கள். திராட்சையைப் புளிக்கவைத்து விற்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். உணவுப் பதிவு இதைக் காப்பாற்றாது.

மசாலாப் பொடியைச் சில்லறையாக அளந்து கொடுப்பது: அரைத்த மசாலாப் பொருட்களைப் பொட்டலமாக மட்டுமே விற்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் தடை மற்றும் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறை. டப்பாவிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பது விதிமீறல், பொடி எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும்.

மாத்திரை போல, மருந்து போல விற்கும் ஊட்டச்சத்துப் பொருட்கள் வீட்டுப் பதிவுக்குள் வராது. அவை மத்திய உரிமம் சார்ந்தவை.

படி 2: பதிவா, உரிமமா

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) மூன்று அடுக்குகள் வைத்திருக்கிறது: பதிவு, மாநில உரிமம், மத்திய உரிமம். 2011-ம் ஆண்டின் ஒழுங்குமுறை வகுத்தபடி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள்ளும் தினசரி உற்பத்தி 100 கிலோ அல்லது 100 லிட்டருக்குள்ளும் இருந்தால் சிறு உணவு உற்பத்தியாளர், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று அந்த ஒழுங்குமுறையில் வைக்கப்பட்டது. வரம்புகளும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில், ஆணையத்தின் இணைய விண்ணப்பத் தளமான ஃபாஸ்காஸில் உள்ள தகுதிப் பக்கத்தைத் திறந்து, விற்பனை அளவையும் பொருள் வகையையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எந்த அடுக்கு என்று அதுவே சொல்லிவிடும்.

விற்பனை என்பது மொத்த வரவு, லாபம் அல்ல. மாதம் ஒன்றே கால் லட்சத்துக்கு விற்று முப்பதாயிரம் கையில் நிற்பவருக்கு ஆண்டு விற்பனை 15 லட்சம்; வரம்போடு ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையைத்தான். உரிமம் எடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்த பிறகும் பழைய பதிவிலேயே ஓட்டுவதுதான், உரிமமில்லாமல் தொழில் நடத்தியதற்கான, 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 63-ம் பிரிவுக்குள் கொண்டுபோய் விடும். அங்கே அபராதம் லட்சங்களில்.

விண்ணப்பம் இப்படிப் போகும். ஃபாஸ்காஸ் தளத்தில் கைபேசி எண், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். மாநிலம், மாவட்டம், தொழில் நடக்கும் முகவரி கொடுங்கள். அடுத்து தொழில் வகை. இங்கேதான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். வீட்டில் சமைத்துச் சாப்பாடு அனுப்புபவர் உணவுச் சேவைப் பிரிவில் வீட்டு அடிப்படையிலான கேன்டீன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொடி, ஊறுகாய் செய்பவர் உற்பத்திப் பிரிவில் வர வேண்டும். "சில்லறை விற்பனை" என்று போட்டுவிட்டால், மற்றவர் செய்ததை வாங்கி விற்கும் அனுமதிதான் கிடைக்கும். சொந்தத் தயாரிப்பு அதில் அடங்காது. இரண்டும் செய்பவர் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

புகைப்படம், அடையாள அட்டை, உறுதிமொழியுடன் கூடிய படிவம் ‘ஏ’ ஆகியவை அடிப்படை ஆவணங்கள். தொழில் நடக்கும் முகவரி அடையாள அட்டையில் உள்ளதிலிருந்து மாறினால், அந்த முகவரிக்கான சான்று வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகலோடு, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தகராறு வந்தால் அதிகாரியிடம் முதல் புகார் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

விண்ணப்பம் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு எண் கொடுக்க வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாள். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் போடாத விண்ணப்பம் தானாக நிராகரிக்கப்படும், கட்டணம் வராது. கிடைக்கும் எண் 14 இலக்கம். பதிவு எண்கள் 2-ல் தொடங்கும், உரிம எண்கள் 1-ல்.

பதிவு ஒரு முகவரிக்கானது. வீடு மாறினால் பழைய எண்ணைப் புதுச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சான்றில் முடிவு தேதி அச்சிட்டிருந்தால், அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். தாமதக் கட்டணம் அசலைவிடப் பெரிதாகிவிடும். இன்னொன்று: தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் அரசுத் தளம் போலவே வடிவமைத்த தனியார் முகவர் பக்கங்கள். 100 ரூபாய் வேலைக்கு ஆயிரங்களில் கேட்பார்கள். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

படி 3: சமையலறை

பதிவு, உரிமம் பற்றிய அதே 2011-ம் ஆண்டு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை சுத்த விதிகளைச் சொல்கிறது. அதன் முதல் பகுதி சிறு உற்பத்தியாளருக்கு. மார்பிள் தரையும் ஸ்டீல் மேடையும் அதில் இல்லை. குடிக்கத் தகுந்த நீர், மூடி போட்ட குப்பைத் தொட்டி, கழுவித் துடைக்கக்கூடிய மேடை, தொற்றுநோய் உள்ளவர் சமைக்கக் கூடாது, கையில் காயம் இருந்தால் மூடியிருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும் என்ற அளவில்தான். வீட்டுச் சமையலறையில் அடிக்கடி குறை எழுதப்படும் இடங்கள் வேறு: கழிவறைக் கதவு சமையலறையை நோக்கித் திறப்பது, வளர்ப்புப் பிராணி உள்ளே வருவது, பூச்சி மருந்தும் மளிகையும் ஒரே அலமாரியில் இருப்பது.

சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர் உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி பெருகும். மதியச் சாப்பாடு கெட்டதாகப் புகார் வந்தால், பல நேரம் காரணம் சமையலாக இருக்காது. காலை 9 மணிக்கே வடித்த சோற்றைச் சூடு தங்காத டப்பாவில் அடைத்ததாக இருக்கும். முறுக்கு, அதிரசம் பொரிப்பவர்களுக்கு எண்ணெய் விதி தனி: மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அளக்கும் கருவி இல்லாதவர்கள் நுரையையும், கருத்த நிறத்தையும், கெட்டிப்பதத்தையும் பார்த்துக் கொட்டிவிட வேண்டியதுதான்.

வீட்டு உபயோகச் சிலிண்டரில் வியாபாரச் சமையல் செய்யக்கூடாது. 14.2 கிலோ வீட்டுக்கு, 19 கிலோ வணிகத்துக்கு. மளிகை வாங்கும்போது பில் வாங்குங்கள். மிளகாய்த்தூளில் கலப்பு நிறம் பிடிபட்டால், நீங்கள் உரிய கவனத்தோடு நடந்தீர்கள் என்பதற்கு அந்த பில்தான் 80-ம் பிரிவில் உங்கள் தற்காப்பு.

படி 4: நிறுப்பதும் அடைப்பதும்

இணையத்தில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய சமையலறைத் தராசு விற்பனைக்குச் செல்லாது. அரசு முத்திரை பெறக்கூடிய மாதிரியை வாங்கி, மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. பொட்டலம் கட்டி விற்பவர் அதே துறையில் பொட்டலமிடுபவராகவும் பதிய வேண்டும். 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின் 27-வது விதிப்படி தொடங்கிய 90 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

பொடியை வறுத்த சூட்டோடு அரைத்து உடனே அடைத்தால், உறைக்குள் நீர் வியர்த்து, சில வாரங்களில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். அரைத்தபின் அகலத் தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு அடையுங்கள். ஊறுகாயில் உப்பைப் பிரதானக் காப்பாக நம்பினால் 12 சதவீதம், புளிப்பை நம்பினால் சிட்ரிக் அமிலக் கணக்கில் 1.2 சதவீதம், வினிகரில் போட்டதென்றால் அசிட்டிக் அமிலம் 2 சதவீதம் குறைந்தபட்ச அளவு. "உப்புக் குறைத்த ஊறுகாய்" செய்து அறை வெப்பத்தில் விற்பவர்கள் இந்த எண்களைத்தான் மீறுகிறார்கள். பச்சைப் பூண்டைப் புளிப்பே இல்லாமல் எண்ணெயில் மூழ்கவைத்து மாதக்கணக்கில் வைப்பது இன்னும் ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலிசம் கிருமிக்கு அது தோதான இடம். மணத்திலோ ருசியிலோ தெரியாமலும் போகலாம்.

பழைய செய்தித்தாளில் பலகாரம் கட்டக்கூடாது. 2018-ம் ஆண்டின் பொட்டல ஒழுங்குமுறை அதைத் தடை செய்கிறது. பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் கப், தூக்குப் பை போன்றவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளன.

படி 5: லேபிள்

முதல் அதிர்ச்சி மொழியில். லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் அச்சிட்ட லேபிள் சட்டப்படி குறையுள்ளது. கட்டாய விவரங்களைத் தவறாகப் போட்டாலோ விட்டாலோ ‘தவறான லேபிள்’ குற்றம்; 52-ம் பிரிவில் 3 லட்சம் வரை அபராதம். உள்ளே இருக்கும் பொடி முதல்தரமாக இருந்தாலும் இது பொருந்தும்.

200 கிராம் சாம்பார் பொடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காகத் தமிழில்:

பெயர்: சாம்பார் பொடி
சேர்மானங்கள்: கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்)
ஒவ்வாமை: கோதுமை உள்ளது
சைவக் குறி: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம்
நிகர எடை: 200 கிராம்
அதிகபட்ச சில்லறை விலை: ரூ.130 (அனைத்து வரிகளும் உட்பட), கிராமுக்கு ரூ.0.65
தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தொகுதி எண் (ஒரே தடவையில் செய்தவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் எண்)
ஊட்டச்சத்து விவரம், 100 கிராமுக்கு
தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும்
புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல்
வைக்கும் முறை: ஈரமில்லாத இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில்

சேர்மானங்கள் எடை இறங்குவரிசையில் வர வேண்டும். ரகசியச் செய்முறை என்று சொல்லி எதையும் மறைக்க முடியாது. அளவைச் சொல்ல வேண்டாம், பெயரைச் சொல்லியாக வேண்டும். பெருங்காயத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா கலந்த கூட்டுப் பெருங்காயம். அதைச் சேர்த்துவிட்டு ‘குளூட்டன் இல்லாதது’ என்று போடும் வீட்டுப் பொடிகள் நிறைய. குளூட்டன் ஒவ்வாதவர் சாப்பிட்டு உடம்புக்கு வந்தால், அது லேபிள் பிழையோடு நிற்காது. 65-ம் பிரிவின் இழப்பீடு வரை போகும். அறிவிக்க வேண்டிய மற்ற ஒவ்வாமைப் பொருட்கள்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் (கெடாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்).

அசைவக் குறி இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய வட்ட வடிவத்தையே பல அச்சகங்கள் வைத்திருக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபாருங்கள்.

கடைசித் தேதியை யாரும் கொடுக்க மாட்டார்கள். நீங்களேதான் நிர்ணயிக்க வேண்டும். மற்ற நிறுவனத்தின் பொட்டலத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பது மோசமான வழி, ஏனென்றால் அவர்களுடைய உறையும் ஈரப்பதமும் வேறு. ஒரே தொகுதியிலிருந்து ஆறு பொட்டலங்களை விற்காமல் ஒதுக்கி, சாதாரண அலமாரியில் வைத்து, 15 நாளுக்கு ஒன்றாகப் பிரித்து மணம், நிறம், கட்டி, சிக்கு வாடை பாருங்கள். மாற்றம் தெரியத் தொடங்க எத்தனை நாள் ஆனதோ, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நீங்கள் நம்பி அச்சிடக்கூடிய காலம். மழைக்காலத்தில் ஒரு முறையும் வெயில் காலத்தில் ஒரு முறையும் செய்தால் உண்மையான எண் கிடைக்கும். ‘பெஸ்ட் பிஃபோர்’ மட்டும் போட்டுவிட்டால் போதாது. காலாவதித் தேதிதான் கட்டாயம்.

பில் கொடுத்தால் அதிலும் 14 இலக்க எண் வர வேண்டும். 2022 ஜனவரி முதல் இது விதி.

படி 6: விற்கும் வார்த்தைகள்

லேபிளை ஒழுங்காக அச்சிட்டுவிட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வார்கள். சமூக ஊடகப் பதிவும் விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு 53-ம் பிரிவில் 10 லட்சம் வரை போகலாம். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்ற வாக்கியம் இதோடு 1954-ம் ஆண்டின் மாயமருந்து விளம்பரச் சட்டத்திலும் இடிக்கும்.

வெல்லம் போட்ட லட்டுக்கு ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட முடியாது. வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாமே சேர்த்த சர்க்கரைக் கணக்குதான். ‘வெல்லத்தில் செய்தது’ என்று உள்ளதைச் சொன்னால் பிரச்சினை இல்லை. வாங்குபவருக்கும் அதுதான் வேண்டியது. ‘ஆர்கானிக்’ என்பதற்கு 2017-ம் ஆண்டின் தனி ஒழுங்குமுறையும் சான்றும் உண்டு. இயற்கை விவசாயியிடம் அரிசி வாங்கினேன் என்பதால் உங்கள் முறுக்கு ஆர்கானிக் ஆகிவிடாது.

படி 7: வரியும் மற்றவையும்

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. வரம்பு 40 லட்சம்; சாப்பாடு சமைத்துக் கொடுப்பது சேவை என்பதால் 20 லட்சம். ஆனால் வரி விதிக்கத்தக்க பொருளை மாநிலம் தாண்டி அனுப்பினால் இந்த வரம்பு கிடையாது. பெங்களூருக்கு ஒரு கிலோ ஊறுகாய் கூரியர் செய்து பில் போட்டால், முதல் ரூபாயிலிருந்தே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அப்பளத்துக்கு வரி இல்லை என்பதால் அதை மட்டும் விற்பவருக்கு இந்தத் தொல்லையும் இல்லை. உணவு டெலிவரி செயலிகள் வழியாக விற்கும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி முதல் செயலி நிறுவனமே வரி கட்டுகிறது.

உள்ளாட்சியின் தொழில் உரிமம் ஊருக்கு ஊர் வேறுபடும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டாயமில்லை, இலவசம்; வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் உதவும்.

படி 8: அதிகாரி மாதிரி எடுக்க வந்தால்

உணவு பாதுகாப்பு அலுவலர் உள்ளே வந்து பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் உண்டு. தடுப்பது தனிக் குற்றம். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கும் உரிமை உண்டு. எடுத்த பொருளுக்கு வழக்கமான விற்பனை விலையை அவர் கொடுக்க வேண்டும். மாதிரி நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தின் தலைமை அதிகாரி). நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம், செலவு உங்களுடையது. பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்த நேரத்தில் எழுத்தில் கேட்டால்தான் உண்டு.

பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில் மறுபடி சோதிக்கும் பரிந்துரை ஆய்வகத்துக்கு அடுத்த பங்கு போகும். அபராத வழக்குகளை விசாரிப்பது மாவட்ட வருவாய் அலுவலர். தானே செய்து தானே விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு 69-ம் பிரிவில் சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளும் வழி உண்டு. அதன் உச்சவரம்பு ஒரு லட்சம். எவ்வளவு அபராதம் என்று முடிவு செய்யும்போது தெரிந்தே செய்தாரா, முன்பும் செய்தாரா என்று பார்க்கச் சட்டமே சொல்கிறது. தொகுதி எண் வாரியாகத் தேதி, செய்த அளவு, மளிகை பில், யாருக்கு விற்றது என்று எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தால், அன்று காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும். கெட்ட தொகுதியை மட்டும் திரும்பப் பெறவும் முடியும்.